மூணாவது போதும்

அந்த வாட்ச்சுல எவ்வளவும்மா காட்டுது? முன்னூத்திப் பத்தா. எத்தனை சுத்துக்கு? அஞ்சுக்கா. இல்ல, எதுக்குக் கேக்கேன்னா, இப்ப போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டு வந்தீங்கல்லா, "முன்னூறு எரிச்சாச்சு, ரெண்டு பூரி சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு. காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கலம்மா. இந்த பெஞ்சுல உக்காந்தா கிரவுண்டுல நடக்குத எல்லார் பேச்சும் துண்டு துண்டா வந்து விழத்தான் செய்யும்.

உக்காருங்க. அந்த ஓரம் ஈரமா இருக்கும், இப்படி வாங்க. மாத்தலாகி வந்திருக்கீங்களோ? பேங்குலயா. அதான் புது முகமா இருக்கேன்னு பாத்தேன். உடம்பைக் குறைக்கதுக்குக் கடலமுட்டாய் ஊருக்கா வந்தீங்க? நல்லா வந்தீங்க போங்க.

அந்தா நடக்கான் பாருங்க, நீலச் சட்டை. கையை வீசாம, தரையைப் பாத்துக்கிட்டு. அவன் எம் மவன். கற்பகராஜ்னு பேரு, நாங்க ராசுன்னு கூப்பிடுவோம். இருபத்தெட்டு நடக்கு. அவனுக்கு இன்னும் எட்டுச் சுத்து பாக்கி இருக்கு. அவன் முடிக்கவரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். நீங்க அஞ்சு நிமிஷம் இருந்தாப் போதும்.

எரிச்சதைத் திரும்பச் சாப்பிடலாமா கூடாதான்னு என்கிட்ட கேளுங்க. எங்க வீட்டுல அதுலதான் ஒரு உசுரு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு உசுரு. ராசு பத்துக் கிலோ குறைஞ்சிருந்தா அவுக இன்னைக்கு இருப்பாக. குறையல. போயிட்டாக. வர்ற ஆவணி வந்தா ஒரு வருசம். ஊருல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக. நான் சொல்லுதேன், எல்லாத்துக்கும் அந்த வாட்ச்தான் காரணம். நீங்க கட்டியிருக்கீங்கல்லா, அதே கறுப்பு வாட்ச்தான்.

எங்களுக்கு மெஸ்ஸும்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பாத்திருப்பீங்க, பச்சைக் கதவு. இருபத்தாறு வருசம். அவுக கல்லாவுல, நான் அடுப்புல. பரிமாறுதது மட்டும் வேற ஆள் கையில விட மாட்டேன். எங்க மெஸ்ல ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுதவுக 'போதும்'னு சொன்னா நிறுத்தக் கூடாது. முத போதும் மரியாதைக்குச் சொல்லுதது. ரெண்டாவது போதும் கூச்சத்துக்கு. மூணாவதாச் சொல்லுதாகல்லா, அதுதான் வயித்துல இருந்து வருதது. அப்பத்தான் கை நிக்கணும். எங்க அத்தை எனக்குச் சொல்லிக் குடுத்தாக, நான் எங்கிட்ட வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். மூணு தடவ சொல்லாம ஒரு ஆளு எங்க இலையை விட்டு எந்திரிச்சது கெடையாது.

நான் ஒண்ணும் பெருமைக்குச் சொல்லல பாத்துக்கிடுங்க. நடந்ததைச் சொல்லுதேன்.

அவுக குடிக்க மாட்டாக. ஒரு சொட்டு கெடையாது. பீடி, வெத்தலை ஒண்ணும் கெடையாது. அப்படிப்பட்ட மனுசனுக்கு வயிறு உப்புது, காலு வீங்குது, கண்ணு மஞ்சளாகுது. மதுரைக்குக் கொண்டுபோனா ஈரல் சுருங்கிப்போச்சுங்காக. குடிக்காதவனுக்கு எப்படி ஈரல் கெடும்னு கேட்டேன். அந்தப் பெரிய டாக்டர் ரொம்பத் தன்மையான மனுசன். "சர்க்கரை இருக்கு, கொழுப்பு ரொம்ப வருசமா ஈரல்ல சேந்திருக்கும்மா, சாப்பாட்டாலயும் வரும்"னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இருபத்தாறு வருசமா ஊரே எங்கிட்டதான் சாப்பிடுது. ஊருல எல்லாருக்கும் ஈரல் கெட்டா கெடக்கு? சர்க்கரை அவுக வம்சத்துல உண்டு. அவுக அப்பாவுக்கு உண்டு, அண்ணனுக்கு உண்டு. அதைச் சொன்னேன். டாக்டர் சரிம்மான்னு விட்டுட்டாரு.

வேற ஈரல் வச்சாத்தான் பொழப்பாகன்னு சொல்லிட்டாக. செத்தவுக ஈரலுக்குப் பதிஞ்சு வச்சோம், வரிசை எங்கயோ நிக்கி. அதுவரைக்கும் தாங்க மாட்டாக. உசுரோட இருக்குத சொந்தக்காரங்க பாதி வெட்டிக் குடுக்கலாம், திரும்ப வளந்துக்கிடும்னாக. நான் முத ஆளாக் கையை நீட்டினேன். என் ரத்தம் அவுகளுக்குச் சேரல. சேந்திருந்தா இந்தக் கதையே கெடையாது. முப்பது வருசம் ஒரே வீட்டுல, ஒரே சட்டியில சாப்பிட்டோம், ரத்தம் மட்டும் சேராமப் போச்சு.

ராசுக்குச் சேந்துச்சு. எங்களுக்கு இருக்குதது அவன் ஒருத்தன். "எடுத்துக்கிடுங்க டாக்டர், நாளைக்கேன்னாலும் சரி"ன்னான். அப்ப அவன் தொண்ணூத்தி நாலு கிலோ. நல்லா கொழுகொழுன்னு, பாக்க லட்சணமா இருப்பான். இப்பப் பாக்கீங்கல்லா, இது அவன் இல்லம்மா, அவன் சட்டையை மாட்டிக்கிட்டு வேற யாரோ நடக்குத மாதிரி இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொன்னாரு, "உன் ஈரல்லயும் கொழுப்பு இருக்கு தம்பி. இப்படியே எடுத்தா உனக்கும் ஆபத்து, அப்பாவுக்கும் பிடிக்காது. நாப்பத்தஞ்சு நாள் தாரேன். பத்துக் கிலோ குறைச்சிட்டு வா. ஈரல்ல இருக்க கொழுப்புதான் முதல்ல கரையும். உங்க அப்பாவை அதுவரைக்கும் நான் மருந்து குடுத்துத் தாக்காட்டி வைக்கேன்."

இவ்வளவுதான் விசயம். நாப்பத்தஞ்சு நாள், பத்துக் கிலோ.

அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னாரு. குடுக்குதவுகளுக்கு என்ன ஆபத்துன்னு ராசு கேட்டான். "ரொம்பக் கம்மி. எங்கயோ ஐநூறு பேருல ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம். சொல்ல வேண்டியது என் கடமை"ன்னாரு. ராசு சிரிச்சிட்டு, "அப்ப நானூத்தித் தொண்ணூத்தி ஒம்பது பேரு நல்லா இருக்காகல்லா"ன்னான். நானும் சிரிச்சேன். ஆனா காருல வரும்போது எனக்கு ஒரே நெனப்பு. அந்த ஒருத்தன் யாரு வீட்டுப் புள்ளையா இருந்திருப்பான்? அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பால்லா? திருமங்கலம் தாண்டுனது தெரியல, விருதுநகர் தாண்டுனது தெரியல. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வச்சதுக்கு அப்புறம்தான் நெஞ்சு கொஞ்சம் அமந்துச்சு.

சரி, அதை விடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வாட்ச் கதையைச் சொல்லுதேன்.

ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக்குன்னு ஒரு டாக்டரம்மா. ஷிபானான்னு பேரு, சின்னப் புள்ளதான், மேலப்பாளையத்துக்காரி. ஒல்லிக்குச்சி. நம்ம அகப்பைக்குத் துணி சுத்தினா அவ. ஒரு நாளைக்கு ஆயிரத்தி இருநூறு கலோரிதான்னு எழுதிக் குடுத்துச்சு. காலையில ரெண்டு இட்லி, பதினோரு மணிக்கு மோரு, மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. நான் அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின் பக்கம் மிச்சம் எழுதியிருக்கோன்னு. ஒண்ணும் இல்ல. "காலையும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் நடக்கணும்"னுச்சு.

நான் கேட்டேன், "நடந்தா அதுக்குத் தக்கனச் சாப்பிட வேண்டாமா?"

அது என்ன சொல்லுச்சுன்னா, எனக்கு இன்னைக்கும் ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. "வேண்டாம் ஆன்ட்டி. நடந்தது நடந்ததோட போகட்டும், அதைத் தட்டுக்குக் கொண்டு வராதீங்க. வாட்ச் எப்பவும் கூட்டித்தான் காட்டும். நாம சாப்பிட்டதை எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவோம். ரெண்டையும் நம்பினா எடை அங்கயேதான் நிக்கும்."

புள்ள பெத்திருந்தா அப்படிப் பேசுமா அது? வேத்து விறுவிறுத்து வந்து நிக்க புள்ளையைப் பாத்து, நடந்தது நடந்ததோட போகட்டும்னு எந்தத் தாய் சொல்லுவா?

ராசுதான் அந்த வாட்ச்சை வாங்கினான். போன்ல ஒண்ணு ஏத்திக்கிட்டான். சாப்பிட்டதை அதுல எழுதணும், நடந்ததை வாட்ச் தானா சொல்லிரும். முத நாள் நடந்துட்டு வந்து நின்னான். போன்ல ஒரு பச்சை வட்டம். "நானூத்தி முப்பது எரிச்சிருக்கேம்மா. இன்னும் நானூத்தி முப்பது சாப்பிடலாம்னு போடுது"ன்னான். "அந்தப் புள்ள வேண்டாம்னுச்சே"ன்னு அவன்தான் சொன்னான். நான் என்ன சொன்னேன்னா, "அது பொதுவாச் சொல்லுது ராசு. இது உன் கையைப் பிடிச்சுப் பாத்துச் சொல்லுது. எதை நம்புவ?"

வாட்ச் சொன்னதுக்குப் போன் ஆமாங்குது, போன் சொன்னதுக்கு வாட்ச் ஆமாங்குது. வேலிக்கு ஓணான் சாட்சி. இப்பத் தெரியுது. அப்ப எனக்கு அது சாமி வாக்கு மாதிரி இருந்துச்சு.

அன்னையில இருந்து நடந்துட்டு வந்தா நாலு இட்லி. அவன் போன்ல நாலு இட்லின்னு எழுதுவான். ஒளிவு மறைவு கெடையாது. தேங்காச் சட்னி ரெண்டு ஸ்பூனுன்னு எழுதுவான். எழுதிட்டுத்தான் கை நனைப்பான். நான் ஒரு நாளும் அவன் எழுதாததை அவன் தட்டுல வச்சது கெடையாது.

இட்லிப்பொடிக்கு நெய் விடுதது வேற. அது கணக்குல வராது. நடுவுல குழி பண்ணி ஒரு கரண்டி விட்டா பொடி குடிச்சிரும், கண்ணுக்கே தெரியாது. வெறும் பொடியை எண்ணெய்யில்லாமத் தொண்டையில எப்படி இறக்குவான்? வெட்டப்போற உடம்பு. அதுக்கு வலு வேண்டாமா? இதை நீங்க அவன்கிட்ட சொல்லிராதீங்க. சும்மா பேச்சோட பேச்சாச் சொல்லுதேன்.

'போதும்மா'ம்பான். ஒரு தடவ சொல்லுவான். ரெண்டாவது சொல்லுததுக்குள்ள அஞ்சாவது இட்லி விழுந்திரும். கை பழக்கம்மா. இருபத்தாறு வருசக் கை. அதுக்கு நாப்பத்தஞ்சு நாளுன்னு யாரு சொல்லி வைக்க முடியும்?

ஒரு நாள் காலையில அவுக பாத்துட்டாக. அடுப்படிக்கு எதுத்தாப்புல சாய்வு நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தோம். கண்ணு ரெண்டும் மாம்பழ மஞ்சளு. வயித்துல தண்ணி கட்டி, மாசமா இருக்க பொம்பளை மாதிரி கையை வயித்து மேல வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாக. நான் பொடியில நெய் விடுதேன், அவுக என் கையையே பாக்காக. நானும் பாத்தேன். கரண்டி அப்படியே நின்னு போச்சு. ராசு அந்தப் பக்கம் குளிச்சிக்கிட்டு இருக்கான்.

சத்தம் போடுவாகன்னு நெனச்சேன். போடல. "ஏ சொர்ணம், தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறட்டி"ன்னாக. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாக. அப்புறம் அவுகளே, "விடு. புள்ள நடந்துட்டு வந்திருக்கான். இன்னொண்ணு வையி"ன்னாக.

அவுகளே சொன்னாகம்மா. இன்னொண்ணு வையின்னு. அவுக வாயால. உங்ககிட்ட மட்டும் இல்ல, கேக்க எல்லார்கிட்டயும் நான் இதைத்தான் சொல்லுதேன். அவுகளுக்கு இல்லாத அக்கறையா மத்தவுகளுக்கு?

என்னமோ அன்னைக்கு அவுக சாப்பிடல. நான் கொண்டுபோன கஞ்சியை அப்படியே வச்சிட்டு சொவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. அசதின்னு நெனச்சேன்.

அந்தா, ராசு இங்க பாக்கான். இல்ல, நம்மளைப் பாக்கல. சுத்தை எண்ணுதான். எத்தனைன்னு விரலை மடக்குவான்.

வாரா வாரம் எடை போட்டோம். மருந்துக் கடை வாசல்ல இருக்கே, அந்த மிஷின்லதான். முத வாரம் ஒரு கிலோ குறைஞ்சுது. நான் சந்தோசத்துல மருந்துக்கடைக்காரருக்கே கேசரி குடுத்தனுப்புனேன். ரெண்டாவது வாரம் அரைக் கிலோ. அப்புறம் நின்னு போச்சு. தொண்ணூத்தி ரெண்டரை, தொண்ணூத்தி ரெண்டு, திரும்பத் தொண்ணூத்தி ரெண்டரை. ராசு பைத்தியம் பிடிச்சவன் மாதிரி ஆயிட்டான். ரெண்டு மணி நேரம் நடந்தான். சாயங்காலம் கழுகுமலை ரோட்டுல போயிட்டு இருட்டுனதுக்கு அப்புறம் வருவான். வாட்ச்சுல எழுநூறு, எண்ணூறுன்னு காட்டும். எண்ணூறு எரிச்சவன் பசியோட படுக்கலாமா? நான் அதுக்குத் தக்கன வைப்பேன். அவன் நடக்க நடக்க நான் வைக்க வைக்க, அப்படியே ஓடுச்சு.

பிள்ளையார் கோயில்ல தெனமும் விளக்குப் போட்டேன். என்ன வேண்டிக்கிட்டேன்னு கேக்காதீங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். ரெண்டு பேரும்னுதான் சொன்னேன்.

நாப்பத்தஞ்சாம் நாள் மதுரைக்குப் போனோம். தொண்ணூத்தி ஒண்ணு. ஸ்கேன்ல கொழுப்பு அப்படியே இருக்கு. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு. "இப்பப் பண்ண முடியாது. இன்னும் ஒரு மாசம் பாப்போம். அப்பாவுக்கு ஒரு மாசம் இருக்கான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல"ன்னாரு. அந்த ஷிபானாப் புள்ள ராசு போனை வாங்கி, அவன் எழுதுனதை ஒண்ணு விடாமப் பாத்துச்சு. பாத்துட்டு என்னைப் பாத்துச்சு. "வீட்டு இட்லி எவ்வளவு பெருசு ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு. "இட்லி இட்லி அளவுதான் இருக்கும்"னேன்.

வரும்போது ராசு காருல முன்னால உக்காந்து, பல்லைக் கடிச்சிக்கிட்டு அழுதான். சத்தமே வரல, தோளு மட்டும் குலுங்குது. அவுக பின்னால என் பக்கத்துல இருந்தாக. எனக்கு என்ன தோணுச்சுன்னு கேளுங்க. மறைக்காமச் சொல்லுதேன். அவுகளை நெனச்சு வயிறு எரியுது. அது உண்மை. ஆனா எங்கயோ ஒரு மூலையில, இன்னும் ஒரு மாசத்துக்கு எம் புள்ளையை வெட்ட மாட்டாகன்னு ஒரு இது. மூச்சு விட்ட மாதிரி. அது தப்பாம்மா? தாய்க்கு அது வராதா? நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, எனக்கே தெரியும், அது வரத்தான் செய்யும்.

அவுக என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. நாலு பேரு முன்னால அவுக என் கையைப் பிடிச்சதே கெடையாது. கோவில்பட்டி வரைக்கும் விடல.

மறுநாள் ராசு ஒரு தராசு வாங்கிட்டு வந்தான். சின்னது, கண்ணாடித் தட்டு மாதிரி, மேல எதை வச்சாலும் கிராம் காட்டும். அடுப்படித் திண்டுல வச்சான். நான் இட்லி ஈடு எறக்கிக்கிட்டு இருந்தேன். ஒரு இட்லியை எடுத்து அது மேல வச்சான். தொண்ணூத்தி அஞ்சு. போனை எடுத்துப் பாத்தான். அதுல ஒரு இட்லின்னா நாப்பது கிராமாம்.

திரும்ப ஒண்ணு எடுத்து வச்சான். தொண்ணூத்தி ஏழு.

மெஸ் தட்டும்மா அது. குழி பெருசு. எங்க இட்லி ரெண்டு சாப்பிட்டா லாரி டிரைவருக்கே வயிறு நெறையும்னு பேரு வாங்கினது. இருபத்தாறு வருசமா அதான் எங்களுக்கு இட்லி. உலகத்துல வேற அளவு இட்லி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அவனும் அதையே தின்னு வளந்தவன்தான, அவனுக்குத் தெரிஞ்சுதா? நாலு இட்லின்னு எழுதினான். தின்னது ஒம்பதரை. அந்தப் போனு கேட்டிருக்கலாம்லா, எந்த ஊரு இட்லின்னு? அந்த வாட்ச் சொல்லியிருக்கலாம்லா?

அவன் பொடிக் கிண்ணத்தையும் எடுத்தான். விரலால நடுவுல தொட்டு, மோந்து பாத்தான். என்னைப் பாத்தான். கத்தியிருந்தாக்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கிண்ணத்தை மெதுவா வச்சிட்டு வெளிய போயிட்டான்.

அன்னையில இருந்து அவன் சாப்பாட்டை அவனே பாத்துக்கிட்டான். ரெண்டு முட்டை வேக வைப்பான், மஞ்சக்கருவை எடுத்துத் தூரப் போடுவான். வெள்ளரிக்கா நறுக்குவான். வாட்ச்சைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சிட்டான். நடந்ததுக்குன்னு ஒரு வாய் கூட எடுக்க மாட்டான். ராத்திரி பசியில படுக்கையில புரளுதது எனக்குக் கேக்கும். எந்திரிச்சிப் போயி கதவைத் தட்டலாமான்னு இருக்கும். தட்டல. மூணு வாரத்துல நாலு கிலோ. தொண்ணூத்தி ஒண்ணு எம்பத்தி ஏழாச்சு.

தராசு வந்த இருபதாம் நாள் சாயங்காலம் அவுகளுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி குடுத்தேன். மூணு ஸ்பூன் குடிச்சாக. "போதும்"னாக. நான் வழக்கம் போல நாலாவது ஸ்பூனைக் கொண்டுபோனேன். வாயைத் தெறக்கல. என்னையே பாக்காக. நான் ஸ்பூனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், ரெண்டாவது தடவ சொல்லுவாகன்னு. அவுகளுக்குத் தெரியாத வழக்கமா? சொல்லல. ஸ்பூன்ல இருந்த கஞ்சி ஆடை கட்டிப்போச்சு. ஒரு தடவதான் சொன்னாக.

விடியக்காலையில ரத்தமா வாந்தி எடுத்தாக. மதுரைக்குப் போயி நாலு நாள் ஐ.சி.யூ கண்ணாடிக்குள்ள இருந்தாக. அதுக்கு அப்புறம் பேச்சே இல்ல. நாலாம் நாள் முடிஞ்சு போச்சு.

ராசு நடக்கதை நிறுத்தல. எங்க வீட்டுல துட்டி கேக்க ஆளு வந்துக்கிட்டு இருக்கு, அவன் மொட்டைத் தலையோட விடியக்காலையில இந்தக் கிரவுண்டுல நடக்கான். யாரு சொல்லியும் கேக்கல. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவுக எல்லாம், புள்ள இப்படி எளச்சிட்டானேன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாக. சாப்பாடு பரிமாறுத நேரத்துல அவனைக் காணோம். தேடிப் போனா மருந்துக் கடை வாசல்ல அந்த மிஷின் மேல ஏறி நிக்கான். நான் பக்கத்துல போயிப் பாத்தேன்.

எம்பத்தி நாலு.

சரியா பத்துக் கிலோ. அவன் எறங்கவே இல்ல. "வாடா, இலை போட்டாச்சு"ன்னேன். "வந்திருச்சும்மா"ன்னான். அது மட்டும்தான் சொன்னான். "வந்திருச்சும்மா."

அதுக்கு அப்புறமும் எறங்கிக்கிட்டே போகுது. இப்ப அறுபத்தி எட்டோ என்னமோ. மெஸ்ஸைப் பூட்டியாச்சு. அவன் ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் வேலைக்குப் போறான். வீட்டுல என்கூட நல்லாத்தான் பேசுதான், மாத்திரை போட்டியாம்மான்னு கேக்கான், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறான். கோபம்னு ஒண்ணும் இல்ல. ஆனா நான் வச்ச தட்டு முன்னால உக்கார மாட்டேங்கான். அவன் முட்டையை அவனே வேக வச்சு, அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போயிருதான்.

நான் கேக்கேன், நீங்களே சொல்லுங்க. ஒரு வாட்ச் பொய் சொன்னதுக்கு என்னைய இப்படிப் பண்ணலாமா?

இந்த டப்பாவா? பாக்கீங்களா? பாருங்க. தெறந்து பாருங்க. நாலு இட்லி. சின்னதா இருக்குல்லா? கடை கடையா ஏறி எறங்கி இந்தத் தட்டு வாங்கினேன். ஒண்ணு நாப்பது கிராம். ஊத்த ஊத்த மாவு கூடிப் போகும், வழிச்சு வழிச்சு எடுத்து, பத்து நாள் ஆச்சு கைக்கு வர. அவன் தராசுலதான் வச்சுப் பாத்தேன். முப்பத்தி ஒம்பது, நாப்பது, நாப்பது, நாப்பத்தி ஒண்ணு. அந்த நாப்பத்தி ஒண்ணை ஓரத்துல கிள்ளியிருக்கேன், தெரியுதா? பொடி தனியா இருக்கு. நெய் இல்ல. வேணும்னா விரலை வச்சு மோந்து பாருங்க.

இல்ல, நீங்க எடுத்துக்கிடாதீங்கம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க பூரியை வேணா ஒண்ணு கொறச்சுக்கிடுங்க. அந்தப் புள்ள சொன்ன மாதிரி, நடந்தது நடந்ததோட போகட்டும். இது அவனுக்கு.

தெனமும் கொண்டு வாரேன். தெனமும் அவன் முடிச்சிட்டு வந்து, "போவோமாம்மா"ம்பான். டப்பாவைத் தூக்கிப் பையில வச்சு, பையை அவனே தூக்கிக்கிடுவான். தூக்குதான், தெறக்க மாட்டேங்கான்.

இனிமே மூணு தடவைக்கெல்லாம் காத்திருக்க மாட்டேம்மா. முத தடவ போதும்னு சொல்லட்டும், அப்பவே கையை எடுத்துருதேன். அதைச் சொல்லுததுக்கு அவன் என் முன்னால ஒரு தடவ உக்காரணும்லா.

அந்தா வாரான் பாருங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எடம் இருக்கட்டும்.